இந்திய தேசிய இராணுவத்தினர் (மதுரை வட்டாரம்)

பர்மா, மலாயா, சிங்கப்பூர் முதலிய நாடுகளுக்குப் பிழைக்கப் போய், இரண்டாம் உலகப் போரின்போது சுபாஷ் சந்திர போஸின் படையில் சேர்ந்து, பின்னர் மதுரையிலும் அதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் குடும்பத்தோடு நிலைகொண்டவர்கள். ஊரில் இவர்களைப் பட்டாளத்துக்காரர் என்றும், அரசு உதவித்தொகை கிடைத்த பிறகு தியாகி என்றும் அழைத்தனர். தளபதிகளைப் பற்றி நூல்கள் பல உண்டு. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி, துப்பாக்கி தூக்கி, திரும்பி வந்து பிள்ளைகளை ஆளாக்கிய இந்த எளிய சிப்பாய்களைப் பற்றிய எழுத்து மிகக் குறைவு.

மதுரைச் சமவெளி முழுதும் ஒரே வளம் உடையதன்று. 1895இல் பெரியாறு அணை நீர் வைகைக்குத் திருப்பப்பட்டபின் மேலூர்ப் பக்கம் நெல் விளைந்தது. உசிலம்பட்டியின் பெரும்பகுதியும் இராமநாதபுரம் சீமையும் வானம் பார்த்த பூமியாகவே நின்றன. மழை பொய்த்த ஆண்டுகளில் ஆட்கள் கடல் கடந்தனர். இலங்கைக்கு மண்டபம் முகாம் வழியாகவும், மலாயாவுக்கு நாகப்பட்டினம், சென்னைத் துறைமுகங்கள் வழியாகவும் போயினர். 1926 முதல் ஓடிய ரஜூலா கப்பல் அந்தத் தலைமுறைக்கு நன்கு தெரிந்த பெயர். ஆள் சேர்த்தவர் கங்காணி. முன்பணம் கொடுத்து அழைத்துச் சென்று, தோட்டத்தில் மேற்பார்வையும் செய்தவர் அவரே. 1938இல் இந்திய அரசு இவ்வாறு உதவி பெற்றுக் குடியேறுவதைத் தடை செய்தது. பர்மாவுக்குப் போனவர்கள் ரங்கூன் துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் உழைத்தனர். செட்டியார் கடைகளில் கணக்கும் எழுதினர்.

ரப்பர் தோட்ட வாழ்க்கையில் கூலியை விட மரியாதைக் குறைவே பெரிதாக உறுத்தியது. 1941இல் மலாயாவின் கிள்ளான் பகுதியில் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தம் இதற்குச் சான்று. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டவர்கள், துரை எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டார்கள். அரசு படையை அனுப்பிச் சுட்டது. தொழிலாளர் சிலர் மாண்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். ஓராண்டு கழிவதற்குள், 1942 பிப்ரவரி 15 அன்று, அதே துரைமார் சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் சரணடைந்ததை இந்தத் தொழிலாளர்கள் கண்டார்கள்.

இந்திய தேசிய இராணுவத்தில் இரு வகையினர் இருந்தனர். சிங்கப்பூரில் பிடிபட்ட பிரிட்டிஷ் இந்தியப் படையின் சிப்பாய்கள் ஒரு வகை. இவர்களைக் கொண்டே மோகன் சிங் 1942இல் முதற்படையை அமைத்தார். அது அவ்வாண்டு டிசம்பரில் கலைந்தது. தோட்டங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் வந்த குடிமக்கள் மற்றொரு வகை. 1943 ஜூலையில் போஸ் சிங்கப்பூர் வந்து தலைமை ஏற்றபின் இவர்கள் திரண்டனர். இவர்களில் தமிழரே மிகுதி. போஸின் இந்துஸ்தானிப் பேச்சு கூட்டங்களில் தமிழில் பெயர்க்கப்பட்டது. அக்டோபர் 21 அன்று ஆசாத் ஹிந்த் அரசு அமைந்தது. லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் ஜான்சி ராணி படையும் உருவாயிற்று. தோட்டப் பெண்களும் அதில் சேர்ந்தார்கள்.

சோற்றுக்காகவும், ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில்பாதை வேலைக்குத் தப்பவுமே தோட்டத்தார் சேர்ந்தனர் என்று சொல்வோர் உண்டு. அந்தப் பாதையில் தமிழர் பல்லாயிரவர் மடிந்தது உண்மை. ஆயினும் சைக்கிளை விட்டு இறங்க மறுத்து உயிரைக் கொடுத்த மக்களுக்கு விடுதலையின் பொருளைப் புதிதாக யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

மதுரை வட்டாரத்தாருக்கு இன்னொரு காரணமும் இருந்தது. 1939 செப்டம்பர் 6 அன்று போஸ் மதுரைக்கு வந்தார். முத்துராமலிங்கத் தேவர் ஏற்பாட்டில் பெருங்கூட்டம் கூடியது. போஸின் பார்வர்டு பிளாக் கட்சி இங்கு வேர்பிடித்தது அப்போதுதான். 1940இல் சிறைப்பட்ட தேவர் 1945 வரை பெரும்பாலும் சிறையிலேயே இருந்தார்.

ஜப்பானியரோடு சேர்ந்து நடத்திய 1944 இம்பால் போர் தோல்வியில் முடிந்தது. பின்வாங்கும் வழியில் குண்டை விட மழையும் மலேரியாவும் பட்டினியுமே அதிகம் பேரைக் கொன்றன. 1945 மே மாதம் ரங்கூன் வீழ்ந்ததும் சிறைப்பட்டவர்கள் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள ஜிகர்கச்சா, நீலகஞ்ச் முகாம்களுக்குக் கொண்டுவரப்பட்டனர். பிரிட்டிஷார் இவர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்தனர். பிரிட்டிஷ் அரசிடம் விசுவாசம் மாறாதவர் வெள்ளை. மனம் திருப்பக் கூடியவர் சாம்பல். போஸின் கொள்கையில் ஊன்றி நின்றவர் கறுப்பு. கறுப்பில் வைக்கப்பட்ட பழைய சிப்பாய்க்கு நிலுவைச் சம்பளம்கூட இல்லை. கையில் பணமின்றி ரயிலேறி ஊர் வந்தார்கள். சுதந்திர இந்தியாவின் இராணுவமும் இவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.

பர்மாவிலேயே தங்கிய குடும்பங்களின் அல்லல் அதோடு முடியவில்லை. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் நாட்டுடைமையாயின. நகையும் பணமும் எடுத்துவர விடாமல் இந்தியரைக் கப்பலேற்றினார்கள். ஐம்பதை நெருங்கும் வயதில் மனைவி மக்களோடு வந்திறங்கிய முன்னாள் சிப்பாய்க்கு, பிறந்த மாவட்டத்திலும் மீண்டும் முதற்படியிலிருந்தே பிழைப்பு. பிள்ளைகளின் பள்ளிச் சான்று முதல் குடும்ப அட்டை வரை ஒவ்வொன்றுக்கும் அலுவலகம் ஏறி இறங்க வேண்டியிருந்தது. 

நடுவண் அரசின் தியாகி ஓய்வூதியத் திட்டம் 1972இல், சுதந்திர வெள்ளி விழாவையொட்டி வந்தது. தொடக்கத்தில் மாதம் 200 ரூபாய், ஆண்டு வருமானம் 5,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 1980இல் அந்த வரம்பு நீங்கியது. பொதுவாக ஆறு மாதச் சிறைவாசத்தைக் காட்ட வேண்டும். படைப் பதிவேடுகளில் பெரும்பகுதி போரோடு போனதால், உடன் சிறையிருந்தவரின் சான்றுக் கடிதமே பலருக்கு ஆதாரம். அப்படிச் சான்று தரக்கூடிய தோழர் மலேசியாவில் இருந்தாலோ இறந்துபோயிருந்தாலோ விண்ணப்பம் கிடப்பில் கிடந்தது. அடிமட்டச் சிப்பாய்க்கு இழைக்கப்பட்ட அநீதி இது.

இன்று இவர்களில் உயிரோடு இருப்பவர் மிகச் சிலர். ஓய்வூதியம் தியாகிக்குப் பின் மனைவிக்கும், அவருக்குப் பின் மணமாகாத, வருமானமற்ற மகள்களுக்கும் சேரும், மகன்களுக்கு இல்லை.