லுலு பதிப்பு நிறுவனம்

லுலு, எழுத்தாளர்கள் தம் நூலைத் தாமே வெளியிட வழிசெய்யும் அமெரிக்க நிறுவனம். வட கரோலைனா மாநிலத்தில் 2002-இல் பாப் யங் இதைத் தொடங்கினார். லினக்ஸ் மென்பொருளைத் தொழிலாக்கிய ரெட் ஹேட் நிறுவனத்தை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். லுலுவைப் புதியதோர் அச்சுப் பொறியின் வெற்றியாகப் பார்ப்பது எளிது. ஆனால் பொறி அதற்கு முன்பே வந்துவிட்டது; லுலு மாற்றி எழுதியது நட்டக் கணக்கை.

ஆஃப்செட் அச்சில் தட்டு தயாரித்து, பொறியை ஓட்டி, முதல் நல்ல தாள் வெளிவருவதற்குள் ஆகும் செலவு நூறு பிரதிக்கும் ஐயாயிரம் பிரதிக்கும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் பதிப்பாளர் மொத்தமாக அடித்துக் கிடங்கில் அடுக்கினார். விற்காதவை கடைசியில் கூழாயின. 1990-இல் வந்த ஜெராக்ஸ் டாக்குடெக் என்ற அச்சுப் பொறி தட்டின் தேவையை நீக்கியது. 1997-இல் புத்தக விநியோகத்தில் ஈடுபட்ட இங்கிராம் குழுமம் டென்னசியில் லைட்னிங் பிரிண்ட் என்ற நிறுவனம் வழியாக ஒற்றைப் பிரதி அச்சையே தொழிலாக்கியது. இம்முறையில் எழுத்தாளர் உள்பக்கங்களுக்கு ஒரு பிடிஎஃப், அட்டைக்கு ஒன்று அனுப்புகிறார். பக்க எண்ணிக்கையையும் தாளின் தடிமனையும் கொண்டு நூலின் முதுகு அகலம் கணக்கிடப்படுகிறது. அச்சான தாள்களைச் சூடான பசையால் அட்டையோடு ஒட்டி, மூன்று பக்கமும் வெட்டினால் புத்தகம் தயார்.

லுலு இந்த வசதியைக் கூட்டாளி அச்சகங்கள் மூலம் எழுத்தாளரிடம் கொண்டுசேர்த்தது. நூலைப் பதிவேற்ற முன்பணம் வாங்கவில்லை. வாசகர் வாங்கிய பிறகே பிரதி அச்சாகும். தன் தளத்தில் விற்கும் நூலுக்கு அச்சுச் செலவு போக மீதியில் 80 விழுக்காடு எழுத்தாளருக்கு, 20 நிறுவனத்துக்கு. விலை 15 டாலர், அச்சுச் செலவு 5 டாலர் என்று வைத்துக்கொண்டால் எழுத்தாளருக்கு 8 டாலர் கிடைக்கும். பத்து எழுத்தாளர்கள் தலைக்குப் பத்து லட்சம் பிரதி விற்பதைவிட, பத்து லட்சம் எழுத்தாளர்கள் தலைக்கு நூறு பிரதி விற்பதே தம் இலக்கு என்று யங் விளக்கினார்.

இது காசு கொடுத்துப் பெயர் அச்சேற்றும் பழைய வழக்கம்தானே என்பர் சிலர். அங்கே நூல் விற்றாலும் விற்காவிட்டாலும் பதிப்பாளர் கட்டணத்தைப் பெற்றுவிடுவார். இங்கே பிரதி விற்றால்தான் வருமானம். எழுத்தாளரே பிரதிகள் வாங்கிக் குவிப்பதும், கட்டணச் சேவைகளும் இந்த வேறுபாட்டை ஓரளவு மங்கச் செய்கின்றன என்பது உண்மை. பிரதியின் விலை கூடுதல் என்பதும் சரியான குறையே: ஆயிரமாவது பிரதிக்கும் முதல் பிரதியின் செலவுதான். பல்லாயிரம் விற்கும் நாவலுக்கு இம்முறை பொருந்தாது. ஆனால் ஐம்பது பேர் மட்டுமே தேடும் ஊர் வரலாற்றுக்கோ சிறு துறையின் பாடநூலுக்கோ மலிவான ஆஃப்செட் விலை ஒருபோதும் எட்டாது. அதற்கு இருக்கும் மாற்று, அச்சாகாமலே போவதுதான்.

மிகக் கனமான எதிர்வாதம் பதிப்பாசிரியரைப் பற்றியது. பிழை களைந்து, தேவையற்றதை வெட்டி, சில நேரம் வேண்டாம் என்றும் சொல்லும் அந்தக் கண்ணுக்கு எந்தப் பொறியும் ஈடாகாது. எனினும் பதிப்பகம் நூலை மறுத்ததற்குத் தரம் மட்டும் காரணமாக இருந்ததில்லை. கிடங்கில் முடங்கும் பணத்தின் அச்சமும் அதில் கலந்திருந்தது. தேவைக்கேற்ப அச்சிடும் முறை அந்த அச்சத்தை நீக்கியது. 2005-இல் இம்முறையில் அச்சிட்ட புக்சர்ஜ் நிறுவனத்தை வாங்கிய அமேசானும் இதே பாதையில் பெரிதாக வளர்ந்தது. செம்மைப்படுத்தும் உழைப்பு மட்டும் அப்படியே எஞ்சியிருக்கிறது. அதைத் தேடிப் பெறும் பொறுப்பு இப்போது எழுதுபவருடையது.