பழைய காருக்குப் புதிய எஞ்சின்: எந்த வயரை வெட்டுவது, எதை விடுவது?

மொறிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர்களை விளக்கத் தேவையில்லை. 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் நின்றபின் மண்ணெண்ணெயில் ஓடியவை இவைதான். கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வீதியெல்லாம் புகை. ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கொண்டு ஓடியதும், இடப்பெயர்வின்போது நடக்கமாட்டாத கிழவர்களை ஏற்றிப் போனதும் இந்தக் கார்கள்தான்.

அவற்றில் எஞ்சியிருப்பவற்றுக்கு இப்போது வேறு எஞ்சின் பூட்டுகிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்தும் என்ன, வரியோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு சின்னக் கார்கூட சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலை. எனவே அப்பா விட்டுப்போன மைனரை எடுத்து, தேய்ந்த எஞ்சினை இறக்கிவிட்டு, பஞ்சிகாவத்தையில் வாங்கிய ஜப்பான் வானின் பெற்றோல் எஞ்சினை அதற்குள் இருத்துகிறார்கள். எஞ்சினை இருத்துவது வெல்டிங் வேலை. அதில் எங்கள் கராஜ்காரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேலை பிழைப்பது வயரிங்கில். சில கராஜ்களில் நின்று இந்த வேலையைக் கவனித்ததையும், வாகன மின் வேலை செய்யும் ஓர் அண்ணையிடம் கேட்டுத் தெரிந்ததையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஒரு வாகனத்தின் உறுப்புகளை எடுத்து இன்னொன்றை உருவாக்குவது எங்களுடைய கண்டுபிடிப்பு அல்ல. பிரித்தானியாவில் இதற்குக் 'கிற் கார்' என்று பெயர். 1957 இல் வந்த லோட்டஸ் செவன் கார் அங்கே பாகங்களாகவே விற்கப்பட்டது. முழுக் காருக்கு இருந்த கொள்வனவு வரி பாகங்களுக்கு இல்லை என்பதே காரணம். அங்கேயும் இங்கேயும் மனிதரைக் கராஜுக்குள் தள்ளியது வரிதான். அங்கே கிற் கார் கட்டுபவர்களுக்கும் ஆகக் கூடிய தலையிடி, பழைய காரிலிருந்து கழற்றிய வயர்க் கட்டுத்தான்.

அந்தக் கட்டை 'ஹார்னஸ்' என்கிறார்கள். கழற்றி நிலத்தில் போட்டால் வேரோடு பிடுங்கிய மரம் போலக் கிடக்கும். யன்னல் கண்ணாடி, கதவுப் பூட்டு, ஏசி, ரேடியோ, பின் வைப்பர், எயார்பாக் எல்லாவற்றின் வயர்களும் அதற்குள் ஒன்றாகச் சுற்றியிருக்கும். மைனருக்கு இவற்றில் ஒன்றும் வேண்டாம். தேவைப்படுவது எஞ்சினை இயக்கும் பகுதி மட்டும்: எஞ்சின் கணினி, இன்ஜெக்டர்கள், இக்னிஷன் கொயில், கிராங்க் சென்சர், வெப்ப சென்சர், திரொட்டில் சென்சர், காற்றை அளக்கும் சென்சர், ஒட்சிசன் சென்சர், பிரதான ரிலே, பெற்றோல் பம்பின் ரிலே, அல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர். பழுது பார்க்கும் கருவியைச் செருகும் சொக்கற்றையும், எஞ்சின் எச்சரிக்கை லைற்றையும் பலர் வெட்டி எறிகிறார்கள். எறியக்கூடாது. பிறகு ஒரு சென்சர் பழுதானால் எது என்று சொல்ல வேறு வாயில்லை.

மைனரின் சொந்த வயரிங் எளிமையானது. பிரவுண் எப்போதும் மின் உள்ள வயர். வெள்ளை சாவியைத் திருப்பினால் மின் வருவது. பச்சை அதிலிருந்து பியூஸ் தாண்டி வருவது. கறுப்பு ஏர்த். முழுக் காருக்கும் பியூஸ் இரண்டே இரண்டு. ஹெட் லைற்றுக்குப் பியூஸே கிடையாது. இந்த வயரிங்கில் பழகிய கை எதையும் சமாளிக்கும். தடைக் காலத்தில் டோச் பற்றரிகூட வரவிடவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. எரிந்த பியூஸில் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றினோம், கிடைத்த வயரை முறுக்கி ரேப் ஒட்டினோம், கார் ஓடியது. அந்தக் கெட்டித்தனத்தைப் பற்றி எங்களுக்கு ஒரு பெருமையும் உண்டு, நியாயமான பெருமை. ஆனால் கணினி உள்ள எஞ்சினிடம் அதே கையைக் காட்டினால், ஒன்றில் அது ஓடாது, அல்லது ஓடி ஒரு நாள் எரியும். அந்தக் காலத்தில் கார் எரிந்தால் வயர் காரணமா, ஷெல் காரணமா என்று கேட்க ஆளில்லை. இப்போது காரின் பின் சீற்றில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

எனவே முதல் வேலை வெட்டுவது அல்ல. ஹார்னஸ் முழுவதையும் எஞ்சினோடு பொருத்தி, தரையில் விரித்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டும். ஓடும் ஒன்றிலிருந்து குறைப்பது சுலபம். ஓடாத ஒன்றில் பிழை தேடுவது நரகம். ஓடியபின் ஒவ்வொரு பிளக்கிலும் அது எதற்குரியது என்று எழுதி ஒட்டுங்கள். பிறகு தேவையில்லாத ஒன்றை, எடுத்துக்காட்டாகக் கதவுப் பூட்டின் பிளக்கை, கழற்றிவிட்டு மீண்டும் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். ஓடினால் அடுத்ததைக் கழற்றலாம். நின்றால், அதற்குள்ளால் போகும் ஏதோ ஒரு வயர் எஞ்சினுக்கும் வேண்டும் என்று அர்த்தம். கட்டின் நடுவில் ரேப்புக்குள்ளே பல வயர்களை ஒன்றாக இணைத்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ரேடியோவுக்குப் போவது போலத் தெரியும் வயர் இடையில் கணினிக்கும் பிரிந்திருக்கலாம். அண்ணை இந்த வேலையைக் குழம்பு வைப்பது போல ஒரு மதியத்தில் முடிப்பதில்லை. மூன்று, நான்கு நாள் எடுக்கிறார்.

புதிய வாகனங்களில் சாவிக்குள் சிப் இருக்கும். அந்தச் சாவியும், அதை வாசிக்கும் வளையமும், அதற்குரிய சிறு பெட்டியும் சேர்ந்து வராவிட்டால் எஞ்சின் ஓடாது. வாங்கும்போதே கேட்டு எடுக்க வேண்டும்.

எயார்பாக் வயர்கள் பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும். பற்றரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் விட்ட பிறகே அவற்றைத் தொடலாம். ரெஸ்ற் லைற்றை அவற்றில் வைக்கவே கூடாது. கணினிக்குப் போகும் வயர்களுக்கும் ரெஸ்ற் லைற் ஆகாது, மல்டிமீற்றர்தான்.

இனி மைனருக்கே உரிய சங்கடம். டைனமோவோடு வந்த மைனரில் பற்றரியின் நேர்முனைதான் பொடிக்குப் பூட்டியிருக்கும். ஜப்பான் எஞ்சினுக்கு எதிர்முனை பொடிக்குப் போக வேண்டும். மாற்றாமல் பற்றரியைக் கொழுவினால், அந்த நொடியிலேயே அல்டர்னேட்டரும் கணினியும் போய்விடலாம். முனையை மாற்றியபின் பல்புக்கும் ஹோர்னுக்கும் எதுவும் ஆகாது. பழைய ரேடியோ இருந்தால் அதை முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். அம்மீற்றர் இருந்தால் அதன் இரு வயர்களையும் மாற்றிப் பூட்ட வேண்டும்.

ஏர்த் வயரை எவரும் மதிப்பதில்லை. எஞ்சின் ரப்பர்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையே தடித்த ஏர்த் வயர் ஒன்று இல்லாவிட்டால், ஸ்டார்ட்டர் சுற்றும்போது அந்த மின்சாரம் அக்சிலரேற்றர் கேபிள் வழியாகத் திரும்பும். கேபிள் சூடேறி இறுகியதைப் பார்த்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். கடற்காற்று பட்ட பொடியில் துருவைச் சுரண்டி, வெறும் தகட்டில்தான் ஏர்த்தைப் பூட்ட வேண்டும். சென்சர்களின் ஏர்த்தோ வேறு. அது கணினிக்கே திரும்பிப் போக வேண்டும், அதைப் பொடியில் பூட்டக்கூடாது.

நான் பார்த்தவற்றில் என்னை உண்மையில் பயப்படுத்தியது பெற்றோல் பம்ப்தான். ரிலே வயரைக் கண்டுபிடிக்க முடியாதபோது, டாஷ்போர்டில் ஒரு சுவிற்ச் வைத்து பம்புக்கு நேரே மின் கொடுத்துவிடுகிறார்கள். கார் ஓடும், உரிமையாளரும் சந்தோஷமாக எடுத்துப் போவார். எஞ்சின் நின்றால் பம்பையும் நிறுத்துவது கணினியின் வேலை. நேரே கொடுத்த பம்புக்கு அது தெரியாது. விபத்தில் குழாய் அறுந்தால், சுவிற்சை யாராவது நிறுத்தும்வரை அது பெற்றோலை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். காரை வாங்க முன் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பிவிட்டு, பம்பின் சத்தத்தைக் கேளுங்கள். சில வினாடிகளில் நிற்க வேண்டும் அது.

பியூஸ் காப்பது பல்பையோ பம்பையோ அல்ல, வயரை. 10 அம்பியர் எரிகிறது என்று 30 போட்டால் அடுத்து எரிவது வயர். இணைப்புகளை முறுக்கி விடாமல் கிரிம்ப் பண்ணி, சூட்டில் சுருங்கும் குழாய் போடுவது நல்லது. சொல்டர் பண்ணினால் அந்த இடம் விறைத்து, அதிர்வில் அருகில் முறியும் என்பதால் அதைத் தனியாகக் கட்டித் தாங்க வேண்டும். சாதாரண பிளாஸ்ரிக் ரேப்பின் பசை எங்கள் வெயிலுக்கு உருகி வழியும். துணி ரேப் தாங்கும்.

வெட்டி எடுத்த வயர்களையும் பிளக்குகளையும் வீசிவிடாதீர்கள். அதே வாகனத்தின் நிறம், அதே பிளக் வேறெங்கும் கிடைக்காது. எஞ்சின் இலக்கம் பதிவுச் சான்றிதழில் இருப்பதால், மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். எஞ்சினை வாங்கிய பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். வேலை முடிந்ததும் எந்த நிற வயர் எங்கிருந்து எங்கே போகிறது, எந்த பியூஸ் எதற்கு என்று ஒரு கொப்பித் தாளில் வரைந்து தரும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். அண்ணை அதைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு டாஷ்போர்டுக்குள் வைத்துவிடுகிறார். முறிகண்டியில் இரவு கார் நின்றால் போன் வெளிச்சத்தில் அந்தத் தாளைத்தான் விரிக்க வேண்டியிருக்கும்.