நட்சத்திரக் கூட்டம்

திருநெல்வேலிச் சீமையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், பெருங்குளத்தை அடுத்த பண்ணைவிளையை இருப்பிடமாகக் கொண்டு, சுற்றுப்புறக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியிற் சென்று பெண்களிடையே சமயத் தொண்டு புரிந்த கிறிஸ்தவ மாதர் குழுவுக்கு நட்சத்திரக் கூட்டம் என்று பெயர். அப்பெயர் அவர்கள் தாமே சூட்டிக்கொண்டதன்று, ஊரார் இட்டது. அயர்லாந்தின் வடபகுதியில் 1867-இல் பிறந்து, 1895-இல் பெங்களூருக்கும் அடுத்த ஆண்டின் இறுதியில் இச்சீமைக்கும் வந்து, மிஷனரியான வாக்கர் ஐயரிடம் தமிழ் பயின்ற ஏமி கார்மைக்கேல் இதன் தலைவி.

பெண்கள் முன்னின்று நடத்தும் வழக்கம் இவ்வட்டாரத்துச் சபைக்குப் புதிதன்று. தஞ்சையிலிருந்து வந்த மராட்டிய அந்தண விதவையும், 1778-இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவருமான குளோரிந்தா அம்மையாரின் பெயரே பாளையங்கோட்டைச் சபையின் 1780-ஆம் ஆண்டுப் பதிவேட்டில், நாற்பது பேருக்குள், முதலில் நிற்கிறது. அவர் முயற்சியால் 1785-இல் எழுந்த ஆலயத்தை ஊரார் இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோவில் என்றே வழங்குகின்றனர். பின்னாளில் இடையன்குடியில் கால்டுவெல் ஐயரின் மனைவி எலிசா, பெண்களுக்கு எழுத்தோடு லேஸ் பின்னலையும் கற்பித்தார். 1895-இல் கல்லூரியாக உயர்ந்த பாளையங்கோட்டைக் கல்வி நிலையமோ, இந்நாட்டை ஒருநாளும் கண்ணாற் கண்டிராத சாரா டக்கர் என்ற ஆங்கிலப் பெண்மணியின் பெயரைத் தாங்கி நிற்பது.

கூட்டத்து மாதருள் முதன்மை பெற்றவர் பொன்னம்மாள் என்னும் இளம் விதவை. காதிற் பாம்படமும் கழுத்திற் பொன்னுமின்றி ஒரு பெண் தெருவில் இறங்குவது குடும்பத்துக்கே இழுக்கென்று கருதப்பட்ட அக்காலத்தில், தான் பெரியவளானதும் அக்கூட்டத்திற் சேர்ந்து பொன்னம்மாளைப் போலவே நகை அணியப்போவதாக ஒரு சிறுமி சொல்லியது அவர் காதில் விழுந்தது. குழந்தையின் கண் தம்மிடம் எதைக் கண்டது என்று எண்ணி வெட்கியவர் தம் அணிகளைக் கழற்றினார், பிறரும் பின்பற்றினர். உறவினரிடையே எழுந்த முணுமுணுப்பு சிறிதன்று. ஆயினும், கள்வர் பயம் மிகுந்த வண்டிப்பாதைகளில் அந்தி சாய்ந்தபின்பும் அஞ்சாமற் செல்ல வெறுங்கழுத்தே துணையாயிற்று என்பதையும் சொல்லவேண்டும்.

1901 மார்ச்சில் கூட்டத்தின் போக்கே மாறியது. தேவதாசியாக்கப்படும் பொருட்டுப் பெருங்குளத்துக் கோயிலைச் சார்ந்த வீடொன்றில் வளர்க்கப்பட்ட ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, முன்னொருமுறை தூத்துக்குடிக்குத் தாயைத் தேடி ஓடியும், மீண்டும் பிடிபட்டுக் கையிற் சூடு பெற்றவள், இரவில் தப்பிப் பண்ணைவிளையை அடைந்து, பொழுது விடிந்ததும் ஏமியின் மடியில் வந்தமர்ந்தாள். டோனாவூரிற் சிலகாலம் தங்கியிருந்த கூட்டத்தார் அதற்கு முன்தினந்தான் ஊர் திரும்பியிருந்தனர். ஒருநாள் முந்தி வந்திருந்தால் அவளுக்குப் பூட்டிய வீடே எதிர்ப்பட்டிருக்கும். அவள் சொன்ன செய்திகளைக் கேட்டபின், ஊர் ஊராய்ப் போன வண்டிப் பயணம் குறைந்து, குழந்தைகளைக் காப்பது முதற்காரியமாயிற்று. ஏமி 1903-இல் வெளியிட்ட நூல் இந்து இல்லங்களைப் பற்றித் தீட்டிய சித்திரம் ஒருதலைப்பட்சமானதே. எனினும் தேவதாசி முறையை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் போராடியதும், 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் பிறந்ததும் நோக்குகையில், குழந்தைகளைப் பற்றிய கவலை வீணானதன்று என்பது விளங்கும்.

சிறுமி வந்த 1901-ஆம் ஆண்டிலேயே கூட்டம் டோனாவூருக்கு இடம்பெயர்ந்தது. மிஷனரி ரேனியஸ் ஐயருக்குப் பொருளுதவி செய்த டோனா என்னும் பிரஷ்யப் பிரபுவின் பெயரால் அமைந்தது அவ்வூர். அங்கு வளர்ந்த குழந்தைகள் இல்லம் 1927-இல் டோனாவூர் ஐக்கியம் எனப் பதிவாயிற்று. ஏமி 1951 ஜனவரியில் மறைந்தார். அவர் விருப்பப்படி சமாதியிற் கல்வெட்டு ஒன்றும் வைக்கப்படாமல், பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றே, இல்லத்துக் குழந்தைகள் அழைத்த ‘அம்மாய்’ என்ற சொல்லோடு நிற்கிறது.

பொன்னம்மாளின் கடைசி ஆண்டுகள் பெரும்பாலும் கைக்குழந்தைகளோடு கழிந்தன. பச்சிளங் குழந்தைகளுக்கு மருத்துவ உதவி அருகில் வேண்டும் என்பதற்காக, மிஷன் ஆஸ்பத்திரி இருந்த நெய்யூரில் திறக்கப்பட்ட கிளையை அவரே ஏற்று நடத்தினார். தாய்ப்பால் கிட்டாத சிசுக்களைப் புட்டிப்பாலில் வளர்ப்பது அந்நாளில் எத்துணை அரிது என்பதை, அங்குப் பரவிய நோயிற் பத்துக் குழந்தைகள் மாண்டதைக் கொண்டு அறியலாம். புற்றுநோயால் நெடுநாள் வருந்தி 1915-இல் அவர் இறந்தார். அவருடைய சரித்திரத்தை ஏமியே ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார்.