தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள்: பரிதாபம் போதாது, பாதுகாப்பு வேண்டும்

கணவர் மவுத்தான வீட்டுக்கு மூன்று நாள் அக்கம்பக்கத்திலிருந்து சாப்பாடு வந்துவிடும். சில வாரங்கள் உறவினர்களும் வந்து போவார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு பெண்ணும் இரண்டு மூன்று பிள்ளைகளும் மட்டும் இருப்பார்கள். உண்மையான சிரமம் அப்போதுதான் தொடங்குகிறது. தலாக் ஆன பெண்ணின் வீட்டுக்கு அந்த மூன்று நாள் சாப்பாடும் வருவதில்லை.

இப்படிப்பட்ட சகோதரிகளைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் 'பாவம்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் அவர்களுக்கு மார்க்கத்திலும் நாட்டுச் சட்டத்திலும் உள்ள உரிமைகள் பல. அந்தப் பிள்ளைகளுக்கு உள்ள உரிமைகள் அதைவிடவும் அதிகம். அவற்றில் பாதி, உரிய நேரத்தில் யாரும் எடுத்துச் சொல்லாததால் கைவிட்டுப் போகின்றன.

சேத்துப்பட்டையும் ஆரணியையும் எடுத்துக்கொள்வோம். இங்கே படிப்பு அதிகம் இல்லாத ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் வேலைகள் எண்ணிச் சொல்லக்கூடியவை: நெல், மணிலா வயல் வேலை, நூறு நாள் வேலை, தையல், பட்டுத் தறியைச் சார்ந்த வேலைகள். இவற்றில் தறி வேலை வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடியது என்பதால் பிள்ளை வைத்திருப்பவருக்கு வசதி என்று சொல்வார்கள். அது பாதி உண்மைதான். வீட்டிலேயே வேலை என்றால் வேலைக்கு நேரம் காலம் கிடையாது. பிள்ளை கண் முன்னாலேயே இருக்கும், ஆனால் அதன் முகத்தைப் பார்க்க நேரமிருக்காது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கோர்வை போட்டு நெய்யும் சேலைக்குத் தறியில் இன்னொரு கை தேவை. கணவர் இருந்தவரை அந்தக் கை அவருடையது. அவர் இல்லாதபோது எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளையின் கை அங்கே வந்துவிடுகிறது. முதலில் பள்ளி விட்டு வந்த பிறகு ஒரு மணி நேரம் என்று ஆரம்பிக்கும். நெசவுக்கு வாங்கிய முன்பணம் தீரவில்லை என்றால் பள்ளிக்கூடமே நின்றுவிடும். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பதைத் தடை செய்கிறது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவதை அனுமதிக்கிறது. இந்த விதிவிலக்கு எவ்வளவு வழுக்கலானது என்பது தறி உள்ள தெருவில் வாழ்பவர்களுக்குத் தெரியும். ஆகவே கணவரை இழந்த சகோதரிக்கு உதவ நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'முன்பணம் எவ்வளவு பாக்கி இருக்கிறது?' என்பதே. ஜகாத்தைப் பத்து வீட்டுக்குச் சில்லறையாகப் பிரித்துக் கொடுப்பதைவிட ஒரு வீட்டின் அந்தக் கடனை முழுமையாக அடைப்பது மேல் என்பது என் கருத்து. கடனாளிகளும் ஜகாத் பெறத் தகுதியுள்ளவர்கள் என்று குர்ஆன் (9:60) கூறுகிறது.

இத்தா காலமும் வருமானமும்

கணவரை இழந்த பெண்ணின் இத்தா நான்கு மாதம் பத்து நாள். (கர்ப்பிணியாக இருந்தால் பிரசவம் வரை.) அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்துக்கு இது மிக நீண்ட காலம். வட ஆற்காட்டுப் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், கணவரை இழந்தவர் பிழைப்புத் தேவைக்காகப் பகலில் வெளியே சென்று இரவில் வீடு திரும்ப அனுமதி உள்ளது. அவருக்குச் செலவு கொடுக்க வேறு யாரும் இல்லை என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். தலாக் சொல்லப்பட்ட பெண்ணின் நிலை வேறு. அவருடைய இத்தா காலச் செலவு கணவர் மீது கடமை. இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லாமல் 'வாசல் தாண்டக் கூடாது' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது, அந்த வீட்டு அடுப்பை அணைப்பதாகும். வெளியே போக வேண்டாம் என்று சொல்கிற மஹல்லா, அந்த நான்கு மாதச் செலவைத் தானே ஏற்க வேண்டும்.

இதே காலத்தில்தான் ஆவண வேலைகளும் காத்திருக்கின்றன. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் வாரிசுச் சான்று இல்லை. வாரிசுச் சான்று இல்லாமல் வங்கிப் பணம், காப்பீடு, ஓய்வூதியம் ஆகியவை நகராமல் போகலாம். வீட்டில் ஓடியாட ஆண் துணை இல்லாதபோது இதை யார் செய்வது என்பதை அடக்கம் முடிந்த வாரமே முடிவு செய்துவிட வேண்டும்.

பிள்ளை தாயிடம், சொத்து யாரிடம்?

மக்கள் மிகவும் குழம்புவது இங்கேதான். பிள்ளையை வைத்து வளர்க்கும் உரிமை வேறு, பிள்ளையின் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம் வேறு.

வளர்க்கும் உரிமைக்கு ஹிளானத் என்று பெயர். ஹனஃபி சட்டப்படி ஆண் பிள்ளை ஏழு வயது வரையிலும் பெண் பிள்ளை பருவமடையும் வரையிலும் தாயிடம் இருக்கும். பிள்ளை தாயிடம் இருந்தாலும் செலவு தந்தை மீதுதான். வழக்கு நீதிமன்றம் சென்றால் 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி பிள்ளையின் நலனே முக்கியமாகப் பார்க்கப்படும். ஒரே மூச்சில் முத்தலாக் சொல்லப்பட்ட பெண்ணுக்கு, 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆவது பிரிவு மைனர் பிள்ளைகளைத் தன்னிடம் வைத்திருக்கும் உரிமையைத் தனியாகவே அளிக்கிறது.

ஜீவனாம்சம் பற்றியும் தவறான எண்ணம் பரவியுள்ளது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைக்கு இரண்டு வயது வரைதான் செலவு கொடுக்கச் சொல்கிறது, அதன் பிறகு கேட்க முடியாது என்று இன்றும் சிலர் பேசுகிறார்கள். 1997இல் நூர் சபா கதூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. அந்த இரண்டு ஆண்டு என்பது தாயின் உரிமை சார்ந்தது. பிள்ளைக்குத் தந்தையிடம் செலவு கேட்கும் உரிமை தனியானது, அது நீடிக்கும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவாக இருந்தது 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 144ஆவது பிரிவாக உள்ளது. தலாக் ஆன முஸ்லிம் பெண் தனக்காகவும் அந்தப் பிரிவின் கீழ் கேட்கலாம் என்று 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

இனி சொத்துக்கு வருவோம். மைனர் பிள்ளையின் பங்குக்குத் தந்தை, தந்தை வஸிய்யத்தில் நியமித்தவர், தந்தைவழிப் பாட்டனார், அவர் நியமித்தவர் என்ற வரிசையில்தான் நிர்வாக அதிகாரம் செல்கிறது. தாய் இந்த வரிசையில் தானாக வரமாட்டார். 1918இல் இமாம்பந்தி வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னது இதுதான்: நீதிமன்ற நியமனம் இல்லாமல் தாய் விற்ற மைனர் பங்கு செல்லாது. இதைக் கேட்டுத் தாய்மார்கள் வருந்தலாம். ஆனால் அதே விதி பெரியப்பாவையும் சித்தப்பாவையும் கட்டிப்போடுகிறது. 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று கையெழுத்து வாங்க வரும் சாச்சாவுக்கும் அந்த நிலத்தை விற்க அதிகாரம் இல்லை. விற்றே ஆகவேண்டிய தேவை வந்தால், தாய் மாவட்ட நீதிமன்றத்தில் காப்பாளராக நியமனம் பெற்று, விற்பனைக்கும் அனுமதி வாங்க வேண்டும்.

இங்கே உயிருடன் இருக்கும் தந்தையருக்கு ஒரு செய்தி. உங்கள் வஸிய்யத்தில் மனைவியையே பிள்ளைகளின் சொத்துப் பொறுப்பாளராக நீங்கள் நியமிக்கலாம். ஒரு தாளில் எழுதி இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் பின்னால் பல ஆண்டு நீதிமன்ற அலைச்சல் மிச்சமாகும். நல்ல உடல்நலத்தோடு இருக்கும்போது இதைச் செய்பவர் மிகக் குறைவு.

பாட்டனார்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தந்தைக்கு முன்பே மகன் மவுத்தாகிவிட்டால், வேறு மகன்கள் இருக்கும் நிலையில் அந்த மகனின் பிள்ளைகளுக்கு வாரிசுரிமையில் பங்கு வராது. மருமகளும் பேரப்பிள்ளைகளும் பத்து வருடம் வாழ்ந்த அதே வீட்டில், பாட்டனார் கண்மூடிய மறுநாள் விருந்தாளிகள் ஆகிவிடுகிறார்கள். எகிப்து 1946இல் கட்டாய வஸிய்யத் சட்டத்தின் மூலமும், பாகிஸ்தான் 1961இல் வேறு முறையிலும் இதற்கு வழி செய்தன. இந்தியாவில் அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் தடையும் இல்லை. வாரிசு அல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் செய்யலாம். உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாகக் கொடுத்துக் கைவசமும் ஒப்படைக்கலாம். பேரனைத் தூக்கிக் கொஞ்சுகிற தாதா இதையும் யோசிக்க வேண்டும்.

அரசிடமிருந்து கிடைப்பவை

ஆதரவற்ற விதவைகளுக்கும் கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கும் தமிழக அரசு வழங்கும் மாத ஓய்வூதியம் 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்ந்தது. மிஷன் வத்சல்யா திட்டத்தில், விதவை, விவாகரத்தான, கைவிடப்பட்ட தாய்மார்களின் பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். திருவண்ணாமலையில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்கலாம். ஒரு பெற்றோர் மரணித்து, மற்றவர் கடும் நோயிலோ சிறையிலோ இருந்தால் அல்லது பிள்ளையைக் கைவிட்டிருந்தால், 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் கிடைக்கும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்தையும் மறக்க வேண்டாம். நம் பெண்களுக்காகவே உள்ள அமைப்பு அது. நம்மில் பலருக்கு அதன் பெயரே தெரியாது.

'தந்தை கையெழுத்து வேண்டும்' என்று அலுவலகங்களில் திருப்பி அனுப்பினால் தயங்க வேண்டாம். 2016 டிசம்பர் முதல் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். தாய் மட்டுமே வளர்க்கும் பிள்ளைக்குப் பான் அட்டையில் தந்தை பெயர் 2018 டிசம்பர் முதல் கட்டாயமில்லை. மைனர் பெயரில் தாய் காப்பாளராக இருந்து வங்கிக் கணக்கு தொடங்க ரிசர்வ் வங்கி 1976லேயே வழிவிட்டது.

பிள்ளையின் மனம்

தந்தை மவுத்தானதைச் 'சவூதி போயிருக்கிறார்' என்று மறைப்பது நல்லதல்ல. தெருவில் வேறு யாராவது சொல்லித்தான் பிள்ளைக்குத் தெரியவரும். பிரிந்து போனவர் என்றால், அவரைப் பிள்ளை முன் ஏசாமல் இருப்பது மிகக் கடினமான காரியம். ஆனாலும் அது தேவை. அந்தப் பிள்ளை தன்னில் பாதி அவர் என்று அறிந்திருக்கிறது. பணம் கேட்கவும் செய்தி சொல்லவும் பிள்ளையைத் தூது அனுப்பவும் கூடாது.

பத்துப் பன்னிரண்டு வயது மகனிடம் 'இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை' என்று பெரியவர்கள் தட்டிக்கொடுப்பது வழக்கம். அந்தத் தோளுக்கு அது பெரிய சுமை. சிலர் படிப்பை விட்டுவிட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போவது இந்தச் சொல்லிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. மூத்த மகளோ, சொல்லாமலேயே இன்னொரு தாயாகிவிடுகிறாள். அவளுக்கும் விளையாட ஒரு மணி நேரம் வேண்டும்.

மறுமணம் பற்றி ஆளுக்கொரு கருத்துச் சொல்வார்கள். உம்மு சலமா (ரலி) நான்கு பிள்ளைகளோடு நபி (ஸல்) அவர்களை மணந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவரான உமர் பின் அபீ சலமாவுக்கு, ஒரே தட்டில் அமர்ந்து, வலக்கையால் தன் பக்கத்திலிருந்து உண்ணுமாறு நபியவர்கள் கற்றுக்கொடுத்தது புகாரியில் பதிவாகியுள்ளது. உம்மு ஹானி (ரலி) அவர்களோ சிறு பிள்ளைகளைக் காரணம் காட்டி நபியவர்களின் திருமணப் பேச்சையே மறுத்தார்கள். அதற்காக அவர்கள் குறை கூறப்படவில்லை. பிள்ளைகள் மீது பாசம் மிக்க குறைஷிப் பெண்களை நபியவர்கள் புகழ்ந்தார்கள் என்று முஸ்லிமில் உள்ளது. இரண்டு முடிவுக்கும் இடம் இருக்கும்போது, தெரு தீர்மானிக்க வேண்டியது எதுவுமில்லை.

மனைவியை இழந்து தனியாக வளர்க்கும் தந்தைமார்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சட்டச் சிக்கல் குறைவு. பிள்ளையை நானிம்மாவிடம் விட்டுவிட்டு மாதம் பணம் அனுப்பினால் போதும் என்று நினைப்பதுதான் அங்கே குறை. ஜடை பின்னவும் காய்ச்சலுக்குக் கஞ்சி வைக்கவும் ஆண்களும் கற்கலாம்.

ஜமாஅத்துகள் நிக்காஹ் பதிவேடு வைத்திருப்பது போல, மஹல்லாவில் தனியாகப் பிள்ளை வளர்ப்போரின் பதிவேடு ஒன்றும் வைக்கலாம். பிள்ளையின் வகுப்பு, வரவேண்டிய உதவி, மனு எந்த மேசையில் நிற்கிறது என்பவை அதில் இருந்தால் போதும். குடும்பக் கதை தேவையில்லை. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்வுக் கூட்டம். சேத்துப்பட்டிலிருந்து ஒரு தாய் திருவண்ணாமலை போய் வந்தால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியைப் பைத்துல்மாலிலிருந்து கொடுத்து, மனு எழுதத் தெரிந்த ஒருவரையும் அவர் வீட்டுப் பெண்ணையும் துணைக்கு அனுப்பி, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் மாலை வரை யார் வீட்டில் இருப்பார்கள் என்பதையும் ஞாயிற்றுக்கிழமையே பேசி வைத்துவிட வேண்டும்.