புயலும் பேரேடும்

கொல்கத்தாவில் வாழும் நம்மவர் நாள்தோறும் காணும் ஹூக்ளி நதி, 1864 அக்டோபர் 5-ஆம் நாள் வீசிய புயலில் கடலெனப் பொங்கிற்று. ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர். கப்பல்கள் கட்டறுந்து கரையேறின. காஸ்ட்ரெல், பிளான்போர்டு இருவரும் அதனை ஆராய்ந்தெழுதிய அறிக்கை 1866-இல் வெளிவந்தது.

கப்பலின் சேதத்தை மதிப்பிடுதல் எளிது. அதற்கு உடைமையாளரும் இன்ஷூரன்ஸ் பத்திரமும் உண்டு. படகோட்டியின் தோணிக்கும், கரையோரக் கடையின் நெல் மூட்டைக்கும் பேரேடு ஏது? கடை திறவாத நாட்களின் வருவாயும், வாராக் கடனும் எக்கணக்கில் ஏறும்?

அப்பேரழிவை அடுத்து, 1865-இல் கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயலெச்சரிக்கை முறையும், 1875-இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையும் தோன்றின. காற்றை அளக்கக் கற்றோம். சிறு வணிகரின் இழப்பையோ அவரவர் ஏடே சொல்லவேண்டும். ஆதலின் சரக்குக் கணக்கைத் தவறாது எழுதி, வெள்ளம் எட்டாத உயரத்தில் வைத்துக் காப்போமாக.