கார் எஞ்சினில் திடீர் ஆயில் லீக்: எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

நிறுத்திய காருக்கு அடியில் கறையா? வெறும் தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து சொட்டியது, விட்டுவிடலாம். பச்சை அல்லது பிங்க் நிறம் என்றால் பெரும்பாலும் கூலண்ட். பழுப்பாகவோ கறுப்பாகவோ விரலில் வழவழவென ஒட்டினால் எஞ்சின் ஆயில்தான். உடனே டிப்ஸ்டிக்கில் அளவைப் பாருங்கள்.

இப்போதுதான் சர்வீஸ் முடிந்ததா? முதல் சந்தேகம் ஆயில் ஃபில்டர் மீதுதான். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்க, அதன் மேலேயே புதியதை மாட்டிவிடுவது உண்டு. வண்டி ஓடும்போது பிரஷர் ஏறி ஆயில் பீய்ச்சி அடிக்கும். அடுத்தது, டிரெய்ன் போல்ட் வாஷர். ஆயில் கீழ்நோக்கி வழியும் என்பதால், சொட்டும் இடத்தை விட்டுவிட்டு, ஈரம் தொடங்கும் உயரமான இடத்தைத் தேட வேண்டும்.

ஓட்டும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், ஓரங்கட்டி எஞ்சினை ஆஃப் செய்யுங்கள். 'மெக்கானிக் கடை பக்கத்துலதானே, ஓட்டிடலாம்' என்று நினைத்தால் பேரிங் தேய்ந்து எஞ்சினே ஜாம் ஆகலாம். டோ செய்யும் செலவு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.