மலையைச் சுற்றி வந்த கல்வி

திருவண்ணாமலை நகரிலிருந்து செங்கம் சாலையில் சிறிது தொலைவு சென்று, வலப்புறம் பிரியும் கிரிவலப் பாதையில் திரும்பினால், மலையின் மேற்குப் பக்கத்தில் அடி அண்ணாமலை என்னும் ஊரை அடையலாம். நகரத்துப் பெரிய கோயிலுக்கும் முற்பட்டது என மக்கள் போற்றும் ஆதி அண்ணாமலையார் கோயில் இங்கேதான் உள்ளது. மணிவாசகர் திருவெம்பாவையைப் பாடிய இடம் இதுவே என்பதும் இவ்வூர் மரபு. கிளைக் கிராமங்களுக்குச் செல்லும் வழியில் நான் இவ்வூரைக் கடந்து போவது வழக்கம். அப்பொழுதெல்லாம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். கிழக்கே நகரத்திலிருந்து காணும்போது ஒரே சிகரமாக ஓங்கி நிற்கும் மலை, சுற்றிவரச் சுற்றிவர இரண்டு முகடுகளாகவும் மூன்று முகடுகளாகவும் தோற்றம் மாறுகிறது. நகரத்தை விட்டு வெளியே வராத ஒருவர் இங்கு வந்து நின்றால், தாம் அறிந்த மலைதானா இது என்று ஐயுறுவார்.

கல்வியின் விரிவைக் குறித்து எழுத அமர்ந்தபோது இம்மலையே என் நினைவுக்கு வந்தது. அதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லுமுன் என் பிழையொன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான ஒரு மாலைப் பொழுதில், கணவரை இழந்த தாய் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். மகனுக்கு வரலாறு படிக்க ஆசை. தாயின் தலைமீதோ கடன். “சாமி, நீங்களே சொல்லுங்க. ராசா கதையைப் படிச்சா வீட்ல அடுப்பு எரியுமா?” என்று கேட்டார். நான் நெடுநேரம் சிந்திக்கவில்லை. “தம்பி, கணினிப் படிப்பில் சேர்ந்துவிடு. வரலாற்றை ஓய்வு நேரத்தில் படித்துக்கொள்ளலாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவன் என் சொல்லைத் தட்டவில்லை. படித்தான், சென்னையில் வேலையில் அமர்ந்தான், கடனும் தீர்ந்தது. சென்ற ஆண்டு திருவிழாவுக்கு வந்தவன், என்னுடன் கிளைக் கிராமம் ஒன்றுக்குப் புறப்பட்டான். அடி அண்ணாமலையில் தேநீர் அருந்த வண்டியை நிறுத்தினோம். தோள்பையிலிருந்து ஒரு நடுகல்லின் நிழற்படத்தை எடுத்து விரித்தான். விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தான். எழுத்து வட்டெழுத்து. வேலை முடிந்த இரவுகளில் தானே கற்றுக்கொண்டானாம். எனக்கோ அதில் ஓர் எழுத்தும் விளங்கவில்லை.

அந்நடுகல் நம் மாவட்டத்து எடுத்தனூரில் கண்டெடுக்கப்பட்டது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கப் போராடி மடிந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக நாட்டப்பட்டது. வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல் அதற்குச் சான்று கூறுகிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாக ஒரு நாயின் பெயரைக் கல் ஒன்று மறவாமல் வைத்திருக்கிறது! அன்று அந்தத் தாய் ‘ராசா கதை’ என்றார். நானும் அவ்வாறே எண்ணினேன். இங்கே அரசன் ஆண்டுக் கணக்குக்கு மட்டுமே வருகிறான். கதை எருமை காத்தவனுடையது.

வண்டியைக் கிளப்பிய பிறகும் என் மனம் அக்கல்லையே சுற்றி வந்தது. அந்த ஒரு கல்லை அறிந்துகொள்ள எத்தனை படிப்புகள் வேண்டும்! எழுத்தைப் படிக்கக் கல்வெட்டியல் வேண்டும். சொல்லைப் பொருள்கொள்ள மொழியியலும் இலக்கணமும் வேண்டும். வீரன் ஏந்திய படைக்கலத்தையும் நின்ற கோலத்தையும் உணரச் சிற்பக்கலை அறிவு வேண்டும். ஆநிரையே செல்வமாக இருந்த வாழ்வை விளக்கப் பொருளியலும் மானிடவியலும் வேண்டும். கல் சிதையாமல் காக்க வேதியியல் வேண்டும். செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் நூலாக வெளியிட்டது. அதன் ஒவ்வொரு பக்கத்திலும் பல துறையினரின் உழைப்பு ஒளிந்திருக்கிறது.

ஒரு கல்லுக்கே இவ்வளவு என்றால் ஒரு மலைக்கும் ஊருக்கும் எவ்வளவு வேண்டும்? இவ்வினாவுக்கு விடை தேடிய அறிஞர் சிலர் நம் திருவண்ணாமலைக்கே வந்தனர் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. புதுச்சேரியில் 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், சமஸ்கிருத, தமிழ்ச் சுவடிகளை ஆராய்ந்ததோடு நிற்காமல், இந்தியாவின் தாவரப் பரவலைக் காட்டும் நிலப்படங்களையும் உருவாக்கிய நிறுவனமாகும். அதுவும், தூரகிழக்குக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியும் திருவண்ணாமலையைப் பற்றி ஐந்து பகுதிகள் கொண்ட ஆய்வு வரிசையை 1989 முதல் 1999 வரை வெளியிட்டன. கோயில் கல்வெட்டுகளைப் பி. ஆர். சீனிவாசன் பதிப்பித்து மொழிபெயர்த்தார். கட்டடங்களையும் சிற்பங்களையும் கலை வரலாற்றறிஞர் பிரான்சுவாஸ் லெர்னோ, கட்டடக் கலைஞர் பியர் பிஷார், வரலாற்றாய்வாளர் ழான் தெலோஷ் ஆகியோர் ஆராய்ந்தனர். கோயிலைச் சூழ்ந்த சமூக அமைப்பை மானிடவியலாளர் மரி-லூயிஸ் ரெய்னிஷ் எழுதினார். நகரத்தைப் பற்றிய பகுதியில் மக்கள்தொகை ஆய்வாளர் கிறிஸ்தோப் கில்மோத்தோவும் பங்கேற்றார். வழிபாடுகளுக்கும் விழாக்களுக்கும் தனியே ஒரு பகுதி அமைந்தது.

இவர்களில் எவரும் தனியே நின்று இத்தலத்தை முழுமையாக அறிந்திருக்க இயலாது. சான்றாக, 217 அடி உயரமுள்ள கிழக்குக் கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணதேவராயர் அதனையும் ஆயிரங்கால் மண்டபத்தையும் எழுப்பிய திருப்பணியை 1516–17ஆம் ஆண்டுக்குரிய கல்வெட்டு உரைக்கிறது. அத்தனை எடையை அடித்தளம் எவ்வாறு தாங்குகிறது என்பதைக் கல்வெட்டு உரைக்காது. அதைப் பொறியியல் அறிந்தவர்தாம் உரைக்க முடியும். கோபுரத்தின் நிழலில் வாழ்ந்தோர் எவ்வாறு பிழைத்தனர் என்பதை அவ்விருவரும் அறியார். அதற்குத் தெருத்தெருவாக நடந்து, வீடு வீடாகக் கேட்டவர் வேண்டும். மலையோ இவர்கள் அனைவருக்கும் மூத்தது. இவ்வட்டாரப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழைமையானவை என்று நிலவியலார் கணிக்கின்றனர். ஒவ்வொருவரும் ஒரு திசையில் நின்று கண்டனர். கண்டது ஒரே மலை.

இப்பார்வை மேலைநாட்டினர் கொண்டுவந்து தந்த புதுமை அன்று. பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டான மலைபடுகடாம், செங்கத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நன்னனைப் பாடுவது. 583 அடிகளைக் கொண்ட அப்பாட்டில் இசைக்கருவிகளும் மலைவழியும் விளைபயிர்களும் விலங்கொலிகளும் ஒருங்கே இடம்பெறுகின்றன. அப்புலவர் பெருங்கௌசிகனாருக்கு இசை வேறு, இயற்கை வேறு என்ற வேலி இல்லை. இடைக்கால ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களிலும் எண்கணிதம், வடிவகணிதம், வானியல் ஆகியவற்றோடு இசையையும் சேர்த்து நான்கனையும் ஒரே தொகுதியாகக் கற்பித்தனர். நம் விவிலியமும் சாலமோனின் ஞானத்தை விவரிக்கும்போது, நீதி வழங்கியதோடு நின்றுவிடவில்லை. விண்மீன்களின் நிலைகளையும் விலங்குகளின் இயல்பையும் செடிகளின் வகைகளையும் வேர்களின் ஆற்றலையும் அவர் அறிந்திருந்ததாகக் கூறுகிறது. கேதுரு மரம் முதல் சுவரில் முளைக்கும் ஈசோப்புச் செடி வரை அவர் பேசினார் என்று அரசர் நூல் சொல்கிறது.

நம் குருக்களிலும் இவ்வழியில் நடந்தோர் உண்டு. இயேசு சபைக் குரு கே. எம். மத்தேயு அடிகளார் (1930–2004) திருச்சி தூய வளனார் கல்லூரியில் இராப்பினாட் உலர்தாவரக் காப்பகத்தை 1967இல் நிறுவினார். சவ்வாது மலை, சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை என்று தமிழகக் கருநாடகப் பகுதியின் குன்றுகளில் தாவரங்களைத் தேடிச் சேகரித்தார். 1980களில் வெளிவந்த அவருடைய தாவரத் தொகுதிகள், இப்பகுதியின் செடிகொடிகளுக்கு அமைந்த பேரேடு எனலாம். சேவியர் தனிநாயகம் அடிகளார் (1913–1980) சங்கப் பாடல்களில் இயற்கை இடம்பெறும் விதத்தை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்தவர். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964இல் புதுதில்லியில் தோன்ற முன்னின்று உழைத்தார். 1966இல் கோலாலம்பூரில் நடந்த முதல் மாநாட்டில் மொழியியலார், வரலாற்றாசிரியர், தொல்லியலார், மானிடவியலார் ஆகியோரை ஒரே அவையில் அமரச் செய்தார். ஒருவர் செடியிலிருந்து தொடங்கினார். மற்றவர் செய்யுளிலிருந்து தொடங்கினார். குறிஞ்சிப் பூ இருவருடைய ஏட்டிலும் உண்டன்றோ!

எல்லாவற்றையும் எல்லாரும் கற்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அது இயலாத செயல். ஒரு துறையில் ஆழ வேரூன்றியவரே பிறருக்குப் பயன்படுவார். ஆயின், தாம் நிற்கும் திசையிலிருந்து தெரியும் முகடே முழுமலை என்று எண்ணிவிடலாகாது. மருத்துவமும் பொறியியலும் கணினியும் மட்டுமே படிப்பு, ஏனையவை மதிப்பெண் குறைந்தோருக்கு ஒதுக்கிய மூலை என்ற எண்ணம் நம் குடும்பங்களில் வேரோடியிருக்கிறது. அவ்வெண்ணத்துக்கு நானும் நீர் ஊற்றியிருக்கிறேன்.

அந்தத் தாயின் கேள்வியை நான் இகழவில்லை. அடுப்பு எரிய வேண்டும் என்பது நேர்மையான கேள்வி. அதற்கு நேர்மையான விடையைத் தேடித் தந்திருக்க வேண்டும். தொல்லியல் துறையில், ஆவணக் காப்பகத்தில், அருங்காட்சியகத்தில், ஆசிரியப் பணியில் என்னென்ன வழிகள் உள்ளன, எத்தனை ஆண்டுகள் ஆகும், எத்தனை பேருக்கே இடம் கிடைக்கும், உதவித்தொகை உண்டா என்று விசாரித்துச் சொல்லியிருக்க வேண்டும். விசாரித்த பின்பும் அவர்கள் கணினியையே தெரிந்துகொண்டிருக்கலாம். அப்படியானால் அது அவர்களுடைய முடிவாக இருந்திருக்கும். நானோ மலையைச் சுற்றிப் பார்க்காமலே அதன் வடிவத்தைச் சொல்லிவிட்டேன்.

தேநீர்க் கடையிலிருந்து புறப்பட்டபோது அவனிடம் இதைச் சொன்னேன். அவன் சிரித்தான். “விடுங்க சாமி. அன்னைக்கு அம்மா தூங்கணுமில்ல” என்றான். நிழற்படத்தை மடியாமல் பைக்குள் வைத்துக்கொண்டான். என்னை நோகடிக்க வேண்டாமென்றே அவன் அவ்வாறு கூறினான் என்பதை நான் உணர்ந்தேன்.

இவ்வாண்டுத் தேர்வு முடிவு வந்த வாரத்தில் ஒரு தந்தை தம் மகளுடன் வந்தார். பெண்ணுக்குத் தாவரவியலில் நாட்டம், தந்தைக்கு அச்சம். “எனக்கு இரண்டு நாள் தாருங்கள், தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்றேன். தந்தைக்கு அவ்விடை நிறைவளிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மகள் மட்டும் வாசலில் திரும்பி, “நாளை மறுநாள் எத்தனை மணிக்கு வரலாம், சாமி?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.